ஒரு தொழிலதிபர் தேர்தலில் நிற்காமலேயே ஒரு மாநில அரசியலை மாற்ற முடியுமா?

முடியும். அமெரிக்காவில் அதற்கு வழி ‘வெளிச்செலவு’. வேட்பாளரிடம் பணம் கொடுக்காமல், தனி அமைப்புகள் வழியாக அவருக்காகவோ அவரது எதிராளியைத் தாக்கியோ விளம்பரம் செய்வது இது. இதற்கு நிறுவனங்கள் பணம் செலவிடக் கூடாது என்றிருந்த தடையை 2010 ஜனவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் நீக்கியது.

அதே ஆண்டு வட கரோலினாவில் நடந்ததைப் பாருங்கள். மலிவு விலைக் கடைகளை நடத்தும் ஆர்ட் போப் ஆதரித்த அமைப்புகள் மாநிலச் சட்டமன்றத் தொகுதிகளில் இறங்கின. மேற்கு மலைப்பகுதியில் ஜான் ஸ்னோ என்ற ஜனநாயகக் கட்சி மாநில செனட்டரைத் தாக்கும் அட்டைகள் வாக்காளர்களின் தபால் பெட்டியில் தொடர்ந்து விழுந்தன. அவர் தோற்றது 200-க்கும் குறைவான வாக்குகளில். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் கிடைக்காத இரு அவைப் பெரும்பான்மை போப் ஆதரித்த குடியரசுக் கட்சிக்குக் கிடைத்தது. 2013-இல் போப் மாநிலத்தின் வரவு செலவுத் திட்ட இயக்குநரானார்.

ஏன் மாநிலம்? ஒரு பிடி உப்பை ஏரியில் போட்டால் தெரியாது. குடத்தில் போட்டால் தண்ணீர் முழுவதும் கரிக்கும். மாநிலத் தொகுதி அந்தக் குடம். வாக்காளர்கள் குறைவு, செய்தியாளர்கள் அதைவிடக் குறைவு. எனக்குக் கவலை தருவது இதுதான்: பள்ளிக்கூட நிதியும் தொகுதி எல்லைகளும் முடிவாவது அங்கேதான்.

இதைப் பலர் லஞ்சம் என்று நினைக்கிறார்கள். லஞ்சம் சட்டவிரோதம், இந்தச் செலவைச் சட்டமே அனுமதிக்கிறது.