டீச்சரம்மாவுக்கு யார் பாடம் எடுக்கறது?

கேள்வி: அம்மாவுக்கு 72 வயசு, ரிடையர்டு டீச்சர், கும்பகோணத்துல தனியா இருக்காங்க. போலீஸ்னு சொல்லி வீடியோ கால்ல மிரட்டி பணம் பறிக்கிற 'டிஜிட்டல் அரெஸ்ட்' பத்தி டெய்லி வாட்ஸப்ல வீடியோ அனுப்பறேன், ஒண்ணையும் பாக்கறதில்ல. கேட்டா "எனக்கே பாடம் எடுக்கறியா"ன்னு கோவம் வேற. என்ன பண்ணலாம்?
- ஒரு வாசகி, சென்னை

பதில்: காலம் பூரா பாடம் எடுத்தவங்களுக்கு நீங்க பாடம் எடுத்தா கோவம் வராம என்ன செய்யும்! மொதல்ல அந்த வீடியோவ நிறுத்துங்க. கொஞ்ச நாள் முன்னாடி யாருக்கு போன் பண்ணாலும் ரிங் போறதுக்கு முந்தி சைபர் க்ரைம் எச்சரிக்கை ஓடுச்சே, நாமளே எப்படா முடியும்னுதானே காத்திருந்தோம்.

எங்க சித்தப்பாகிட்ட நான் எச்சரிக்கை எதுவும் சொல்லல, சும்மா கேட்டேன், "சித்தப்பா, ஒருத்தன் காக்கிச் சட்டையோட வீடியோ கால்ல வந்து உங்க ஆதார் போட்டு அனுப்பின பார்சல்ல போதைப்பொருள் இருக்குன்னா என்ன பண்ணுவீங்க?" "எந்த ஸ்டேஷன்னு கேப்பேன்"னாரு கெத்தா. "மும்பைன்னுவான், ஐடி கார்டும் காட்டுவான், லைனை கட் பண்ணாதீங்க, புள்ளைங்ககிட்ட மூச்சு விடாதீங்கம்பான்"னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம் அவரே, "ஏன் புள்ளைங்ககிட்ட சொல்லக்கூடாதாம்?"னாரு. அதாங்க விஷயமே, அம்மா மனசுல அந்த ஒண்ணு பதிஞ்சா போதும், யாருகிட்டயும் சொல்லாதேங்கறவன் திருடன். டிஜிட்டல் அரெஸ்ட்னு நம்ம சட்டத்துல ஒண்ணு கிடையவே கிடையாது, எந்த போலீசும் செக் பண்ணிட்டு திருப்பித் தரேன்னு பணத்த அனுப்பச் சொல்ல மாட்டாங்க.

தினசரி காலண்டர் பக்கத்துல ஸ்கெட்ச் பேனால பெருசா 1930ன்னு எழுதி ஒட்டுங்க, அதுதான் சைபர் மோசடிக்கு புகார் சொல்ற அரசாங்க நம்பர், கூடவே உங்க நம்பரும். பணம் போயிட்டா உடனே 1930க்கு அடிக்கணும், லேட் ஆக ஆக அது அக்கவுண்ட் அக்கவுண்டா தாவிடும், அப்புறம் பிடிக்கறது கஷ்டம். உடனே அடிக்கணும்னா உங்ககிட்ட திட்டு விழுமோங்கற பயம் அவங்களுக்கு இருக்கக்கூடாது. ஏமாந்ததை வாரக்கணக்கா மூடி மறைக்கறவங்க முக்காவாசி புள்ளைங்களுக்குப் பயந்துதான் மறைக்கறாங்க, இது என் அனுபவத்துல சொல்றேன்.

அடுத்த தடவ ஊருக்குப் போறப்ப அம்மா அக்கவுண்ட் இருக்கற பேங்க்குக்கும் ஒரு நடை போய் அங்க இருக்கறவங்களுக்கு உங்கள தெரியப்படுத்திட்டு வாங்க, பதட்டமா எஃப்டிய உடைக்க வந்த பெரியவங்கள ஸ்டாஃபே சந்தேகப்பட்டு தடுத்த செய்தியெல்லாம் பேப்பர்ல வந்திருக்கு.

அப்புறம் ஒண்ணு, பக்கத்து வீட்டு மாமிக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியல, நீங்களே கொஞ்சம் புரிய வைங்கம்மான்னு அம்மாகிட்ட கேட்டுப் பாருங்க. சாயங்காலமே க்ளாஸ் ஆரம்பிச்சுடும்.