நிர்வாணக் கலைப் புகைப்படம் எடுப்பவரின் பார்வை காலப்போக்கில் எப்படி மாறுகிறது?

ராயபுரத்தில் சின்ன ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். பிழைப்பு கல்யாண ஆல்பத்தில். நிர்வாணக் கலைப் படம் என் ஆசைக்கு. என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

ஆரம்பத்தில் உடலை முழுசாக, பளிச்சென்று காட்டுவதுதான் துணிச்சல் என்று நினைத்தேன். அந்தப் படங்களை இப்போது பார்த்தால் கூச்சம் வருகிறது. உடம்பைப் பார்த்து அல்ல, என் லைட்டிங்கைப் பார்த்து.

என்னைத் திருப்பியது அமெரிக்கப் புகைப்படக்காரர் எட்வர்ட் வெஸ்டன். 1930-ல் ஒரு குடைமிளகாயைத் தகரப் புனலுக்குள் வைத்து எடுத்தார்; அதன் வளைவு முறுக்கேறிய முதுகு மாதிரியே இருக்கும். 1936-ல் கலிஃபோர்னியா மணல்மேடுகளில் எடுத்த நிர்வாணப் படங்களிலும் அதே கண்தான். பிரிட்டிஷ் புகைப்படக்காரர் பில் பிராண்ட் வேறு ரகம். போலீஸார் பயன்படுத்திய வகைப் பழைய வைடு ஆங்கிள் கேமராவால் உடலை நீட்டி வளைத்தார். 1950-களின் படங்களில் உடல் கடற்கரைக் கல்லாகவே மாறிவிடும்.

காசிமேட்டில் கவிழ்த்துப் போட்ட படகின் மேல் காலை வெயில் சாய்வாக விழுவதைப் பார்த்த பிறகுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. ஒளி பக்கத்திலிருந்து உரசிப்போனால் மேடுபள்ளம் எழும். நேரே அடித்தால் எல்லாம் தட்டை. இப்போது ஒரே ஜன்னல், எதிர்ப்பக்கம் கறுப்புத் துணி, கறுப்பு வெள்ளை. அவ்வளவே.

மாடல் வயது வந்தவராக இருக்க வேண்டும். முகம் தெரியலாமா, படத்தை எங்கே காட்டலாம் என்பதை முதலிலேயே எழுதிக்கொள்கிறோம். “அண்ணா, இது வேணாம்” என்றால் அவர் கண்ணெதிரேயே அழித்துவிடுவேன். அப்படி நல்ல படம் ரெண்டு மூணு போயிருக்கிறது, போகட்டும்.