ஹாக்கரா, சைட்டேஷனா? குன்னூரிலிருந்து ஒரு கேள்வி

குன்னூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். தேயிலைத் தொழிற்சாலை மலையில், பம்ப் கம்பெனி கோவையில். மாதம் ஒருமுறை கொல்கத்தா, வருடத்தில் ஐந்து முறை துபாய், இரண்டு முறை கென்யாவின் மொம்பாசா என்று குடும்பத்தில் யாராவது ஒருவர் போய்க்கொண்டே இருக்கிறார்கள். அப்பாவுக்கு 72 வயது, விமானம் மாறி மாறி ஏறுவது முடியவில்லை. புரோக்கர் இரண்டு பழைய ஜெட் விமானங்களைக் காட்டியிருக்கிறார். ஒன்று 2003-இல் செய்த ஹாக்கர் 800எக்ஸ்பி, இங்கேயே விடி என்று தொடங்கும் இந்தியப் பதிவில் பறந்துகொண்டிருப்பது. இன்னொன்று 2010 சைட்டேஷன் எக்ஸ்எல்எஸ் பிளஸ், அமெரிக்காவில் நிற்கிறது. ஹாக்கரின் விலை மற்றதில் பாதிகூட இல்லை. "எதை எடுக்கலாம்?" என்பது கேள்வி.

முதலில் உங்கள் கணக்கையே போட்டுப் பார்த்தேன். கோவையிலிருந்து கொல்கத்தா சுமார் 1,800 கி.மீ., போக வர ஐந்து மணி நேரம். துபாய் 2,800 கி.மீ. அளவில் வரும், போக வர ஏழரை மணி. மொம்பாசாவையும் சேர்த்தால் வருடத்துக்கு 120, 130 மணி நேரம் தேறும். என் அனுபவத்தில் 200 மணிக்குக் கீழே பறப்பவருக்குச் சொந்த விமானம் கட்டுப்படியாகாது. பறந்தாலும் பறக்காவிட்டாலும் இரண்டு பைலட் சம்பளம், இன்சூரன்ஸ், நிறுத்துமிட வாடகை, காலக்கெடு வைத்த சோதனைகள் எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஒரு வருடம் வாடகை ஜெட்டில் போய்வந்து, செலவை ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். அப்பாவை முன்னிட்டு வாங்கியே தீருவது என்றால் மேலே படியுங்கள்.

உங்கள் பயணங்களில் வம்பு பிடித்தது மொம்பாசாதான். கோவையிலிருந்து நேர்க்கோட்டில் ஏறக்குறைய 4,500 கி.மீ. ஹாக்கர் 800எக்ஸ்பியின் தூரம் சுமார் 4,600 கி.மீ. என்று விளம்பரத்தில் போட்டிருப்பார்கள். அதை நம்பி "நிற்காமல் போகும்" என்று புரோக்கர் சொல்லியிருப்பார். போகாது. அந்தத் தூரம் நாலைந்து பேர், காற்றில்லாத வானம் என்று வைத்துப் போட்ட கணக்கு. எதிர்க்காற்று கொஞ்சம் இருந்தாலோ, நேர்வழி கிடைக்காமல் சுற்றிப் போனாலோ எண்ணெய் பற்றாது. எக்ஸ்எல்எஸ் பிளஸ்ஸுக்கு 3,400 கி.மீ.தான். ஆக, எதை வாங்கினாலும் வழியில் ஒருமுறை இறங்க வேண்டியதுதான். ஓமனில் சலாலா அதற்கு வசதியான இடம். வருடத்தில் இரண்டு பயணத்துக்காகப் பெரிய விமானத்தைக் கட்டி மேய்ப்பதைவிட, சலாலாவில் ஒரு காபி குடித்துவிட்டுப் போகலாம்.

மலையில் இருப்பவர் தூரத்தைவிட ஓடுபாதையைக் கவனிக்க வேண்டும். கோவை ஓடுபாதை மூன்று கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு விமானத்துக்கும் அங்கே ஒரு சிக்கலும் இல்லை. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பர்லியாறு பக்கம் மண் சரிந்து, அதே நேரம் கோத்தகிரி ரோட்டிலும் மரம் விழுந்தால், மேட்டுப்பாளையம் இறங்க வழி கிடையாது. அப்போது மிஞ்சுவது கூடலூர் வழியாக மைசூரு. மைசூரு ஓடுபாதை வெறும் 1,740 மீட்டர், இடமோ கடல்மட்டத்திலிருந்து 700 மீட்டருக்கு மேல். எக்ஸ்எல்எஸ் வகை, கடல்மட்டத்தில் முழு எடையோடு கிளம்ப 1,100 மீட்டர் போதும் என்கிறது கம்பெனிக் கணக்கு. ஹாக்கருக்கு அதே கணக்கில் 1,500 மீட்டருக்கு மேல். உயரமும் வெயிலும் சேர்ந்தால் இன்னும் நீளும். அதாவது மைசூரிலிருந்து ஹாக்கரில் கிளம்பினால் எண்ணெயைக் குறைக்க வேண்டும், அல்லது ஆளை இறக்க வேண்டும். பந்திப்பூர் காட்டு வழி இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை மூடியிருக்கும் என்பதையும் பைலட்டுகளிடம் முதலிலேயே சொல்லி வையுங்கள். வெளியூர் பைலட்டுக்கு இது தெரியாது.

இப்போது அந்த மலிவு விலைக்கு வருவோம். ஹாக்கரில் இருப்பது டிஎஃப்இ731 எஞ்சின். நல்ல எஞ்சின், உலகம் முழுக்கப் பழகியது. ஆனால் 2,100 மணிக்கு ஒருமுறை பெரிய சோதனை, 4,200 மணிக்கு ஒருமுறை உட்பகுதியைப் பிரித்துப் பார்க்கும் சோதனை என்று இரண்டு தவணை உண்டு. இரண்டாவது வரும்போது பில் கோடிகளில் வரும், அதுவும் இரண்டு எஞ்சினுக்கு. அதனால்தான் பல உரிமையாளர்கள் எஞ்சின் கம்பெனியின் பராமரிப்புத் திட்டத்தில் சேர்ந்து, பறந்த மணிக்கு இவ்வளவு என்று சீட்டு கட்டுவதுபோல் கட்டி வருவார்கள். ஹாக்கரின் ஹனிவெல் எஞ்சினுக்கு அந்தத் திட்டத்தின் பெயர் எம்எஸ்பி, எக்ஸ்எல்எஸ்ஸின் பிராட் அண்ட் விட்னி எஞ்சினுக்கு ஈஎஸ்பி. உங்களுக்குக் காட்டிய ஹாக்கர் எம்எஸ்பியில் இருக்கிறதா, நிலுவை இல்லாமல் கட்டியிருக்கிறதா, திட்டம் உங்கள் பெயருக்கு மாறுமா? புரோக்கர் அனுப்பிய தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. திட்டத்தில் இல்லாமல், 4,200-ஐ நெருங்கிக்கொண்டிருக்கும் எஞ்சின் என்றால், பாதி விலை என்பது பாதி விலை ஆகாது. மீதியைப் பட்டறையில் கட்டுவீர்கள்.

காகிதம் எஞ்சினைவிட முக்கியம் என்று சொன்னால் சிரிப்பார்கள். பல வருடம் முன்பு ஒரு விமானத்தைப் பார்க்க ஒரு கம்பெனிக்காகப் போனேன். பெயிண்ட் பளபளப்பு, சீட் புதுத்தோல், குடிக்கத் தேநீர்கூடக் கொடுத்தார்கள். லேண்டிங் கியரின், அதாவது இறங்கு சக்கர அமைப்பின், சில பாகங்களுக்குப் பிறந்த நாளிலிருந்து இன்றுவரை வர வேண்டிய பதிவு நடுவில் நாலு வருடம் காணோம். ஆயுள் வரம்புள்ள பாகத்துக்குப் பதிவு அறுந்தால், அது ஆயுள் முடிந்த பாகம் என்றுதான் கணக்கு. விற்றவர் "வேறு பட்டறை, வேறு பெட்டி, தேடித் தருகிறோம்" என்றார். தேடியே முடிக்கவில்லை. நாங்கள் எழுந்து வந்துவிட்டோம். அதனால் முதலில் லாக்புக்குகளை, அதாவது விமானத்தின் பராமரிப்புப் பதிவேடுகளை, ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்லுங்கள். அதைப் படிக்கத் தெரிந்த எஞ்சினியர் இரண்டு நாள் உட்கார்ந்து படிக்கட்டும். விபத்து, பழுது, கடற்கரை ஊரில் வெயில் மழையில் நின்ற காலம் எல்லாம் அதில் இருக்கும். கடற்கரைக் காற்று பட்ட அலுமினியம் வெளியே தெரியாமல் உள்ளே அரிக்கும். சமையலறைக்கும் கழிவறைக்கும் கீழே இருக்கும் தரைப்பகுதியைத் திறந்து பார்க்காமல் எந்த விமானத்தையும் வாங்காதீர்கள்.

திறந்து பார்ப்பதை அந்த விமானத்தை இதுவரை பராமரித்த பட்டறையில் செய்யக் கூடாது. தன் வேலையில் தானே குறை சொல்ல யாருக்கு மனம் வரும்? அதே வகைக்கு அங்கீகாரம் உள்ள வேறு இடத்தில், உங்கள் எஞ்சினியர் பக்கத்தில் நிற்க, போரஸ்கோப் கேமராவை எஞ்சினுக்குள் விட்டுப் பார்க்க வேண்டும். முன்பணம் மூன்றாம் ஆளிடம், எஸ்க்ரோ கணக்கில் இருக்கட்டும். சோதனை முடிந்து "எடுத்துக்கொள்கிறேன்" என்று நீங்கள் கையெழுத்துப் போடும்வரை அது முழுதாகத் திரும்பி வரும் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அமெரிக்க விமானம் என்றால் ஓக்லஹோமா சிட்டியில் இருக்கும் பதிவேட்டில் அதன்மேல் கடன் பாக்கி உண்டா என்று வக்கீல் வைத்துத் தேட வேண்டும்.

அடுத்தது வரி. 2025 செப்டம்பர் 22 முதல் சொந்த உபயோக விமானத்துக்கு ஜிஎஸ்டி 28-இலிருந்து 40 சதவீதமாகிவிட்டது. இறக்குமதிக்கும் அதே விகிதம்தான். அமெரிக்காவில் கேட்ட விலையோடு இதைக் கூட்டாமல் ஹாக்கரோடு ஒப்பிடாதீர்கள். உடனே புரோக்கர் "வாடகை விமான பெர்மிட்டில் கொண்டுவந்தால் வரி குறையும் சார்" என்பார். குறையும், உண்மையில் வாடகைக்கு விட்டால். பெர்மிட்டில் கொண்டுவந்து குடும்பமே பறந்துகொண்டிருந்த பல பேரைச் சுங்கத்துறை கோர்ட்டுக்கு இழுத்திருக்கிறது. இதில் ஹாக்கருக்கும் ஒரு கொக்கி இருக்கிறது. அது இந்தியாவுக்குள் வந்தபோது வரி கட்டி வந்ததா, வாடகை பெர்மிட் விலக்கில் வந்ததா? விலக்கில் வந்திருந்தால், நீங்கள் சொந்த உபயோகத்துக்கு மாற்றும்போது பழைய வரி உங்கள் வாசலுக்கு வரும். இறக்குமதியின்போது சுங்கத்தில் தாக்கல் செய்த பில் ஆஃப் என்ட்ரி நகலைக் கேளுங்கள்.

இறக்குமதி விமானத்துக்கு, விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் மத்திய அரசு அமைப்பான டிஜிசிஏ வயது வரம்பு வைத்திருக்கிறது. 15 வருடம், 18 வருடம் என்று அது மாறி மாறி வந்திருப்பதால், முன்பணம் கொடுக்கும் வாரத்தில் என்ன விதியோ அதை எழுத்தில் வாங்குங்கள். ஹாக்கர் ஏற்கெனவே இங்கே இருப்பதால் அந்தத் தொல்லை அதற்கு இல்லை. அதன் ஒரே பெரிய அனுகூலம் அதுதான். ஆனால் 2003 விமானத்தை ஐந்து வருடம் கழித்து யாரிடம் விற்பீர்கள்? ஹாக்கர் உற்பத்தி நின்றே பத்து வருடத்துக்கு மேலாகிறது. உதிரிப்பாகம் இன்னும் கிடைக்கிறது. வாங்குபவர்தான் குறைந்துகொண்டே போகிறார்.

உட்கார்ந்து போகும் சுகத்தில் ஹாக்கர் ஒரு படி மேல், மறுக்கவில்லை. அகலம் கூடுதல், தரை சமம். எக்ஸ்எல்எஸ்ஸில் நடுவில் நடக்கும் வழி பள்ளமாக இருக்கும், அப்பா ஏறும்போது ஒரு கை கொடுக்க வேண்டும். ஆனால் சாமான் வைக்க எக்ஸ்எல்எஸ்ஸுக்கு வால் பக்கம் தனி அறை உண்டு. ஹாக்கரில் சாமானும் மனிதரும் ஒரே அறை. தேயிலை சாம்பிளைப் பெட்டி பெட்டியாகக் கொண்டுபோகும் உங்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை, தேயிலை எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும் என்று நீங்களே சொல்வீர்கள். உச்ச உயரத்தில் பறக்கும்போது இந்த இரண்டிலும் உள்ளே இருக்கும் காற்றழுத்தம் ஏறக்குறைய ஊட்டியில் இருப்பதுதான். சமவெளிக்காரருக்குக் களைப்பு தட்டலாம். அப்பாவுக்கு அது வீட்டுக் காற்று.

கடிதத்தின் கடைசியில் "மலையிலிருந்து கோவைக்கு ஹெலிகாப்டர் வைத்துக்கொண்டால்?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். 2021 டிசம்பரில் குன்னூர் காட்டேரி பக்கம் விமானப்படை ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்து என்ன ஆனது என்பதை உங்கள் ஊரே பார்த்தது. விமானப்படைப் பைலட்டுக்கே அப்படி. இரண்டரை மணி நேரக் காரே இருக்கட்டும்.

என் தேர்வு எக்ஸ்எல்எஸ் பிளஸ், அதுவும் எஞ்சின் ஈஎஸ்பியில் இருந்தால் மட்டும். மணிக்கு ஏறக்குறைய 800 லிட்டர் குடிக்கும், ஹாக்கர் அதைவிடக் கூடுதலாகக் குடிக்கும். கோவையில் நிழலில் நிறுத்த ஹேங்கர் இடமும், அந்த வகை ஓட்டத் தகுதியுள்ள இரண்டு பைலட்டும் கிடைப்பார்களா என்று இப்போதே விசாரியுங்கள். விமானம் வந்தபின் தேடினால் அவர்கள் கேட்டதுதான் சம்பளம். ஹாக்கரின் எம்எஸ்பி கடிதமும் பில் ஆஃப் என்ட்ரியும் புரோக்கரிடமிருந்து வந்தால் எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். இரண்டு வாரத்தில் வரவில்லை என்றால் அந்த விமானத்தை மறந்துவிடலாம்.