வாசகர் கேள்வி பதில்: நிரல் வழியே உலாவிச் சான்றிதழ்

கேள்வி: எங்கள் சோதனை சர்வருக்காக நாங்களே உருவாக்கிய ரூட் சான்றிதழை (மற்றச் சான்றிதழ்களுக்கு உறுதி தரும் மூலச் சான்றிதழை) லினக்ஸ் கணினிகள் பலவற்றில் ஃபயர்ஃபாக்ஸில் சேர்க்க வேண்டும். முன்பு ஓர் ஆட்-ஆன் (உலாவியில் சேர்க்கும் துணைநிரல்) இதைச் செய்துகொண்டிருந்தது. இப்போது அது ஓடவில்லை. என்ன வழி?

பதில்: பழைய ஆட்-ஆன்களால், உலாவி நம்பும் சான்றிதழ்களை வைத்திருக்கும் கிடங்கிலேயே எழுத முடிந்தது. 2017 நவம்பரில் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 57 அந்தக் கதவை அடைத்துவிட்டது. அடைத்தது சரியே. ரூட் சான்றிதழைச் சேர்க்க முடிகிற ஆட்-ஆன், எந்தப் போலித் தளத்தையும் அசல் என்று உலாவியை நம்ப வைக்கலாம். இன்றைய ஆட்-ஆன் ஓர் இணைப்பின் சான்றிதழைப் படிக்கலாம், அவ்வளவுதான்.

உங்களுக்கு வேண்டியது சர்ட்யூட்டில் (certutil) என்ற கட்டளைக் கருவி. டெபியன், உபுண்டுவில் லிப்என்எஸ்எஸ்3-டூல்ஸ் தொகுப்பிலும், ஃபெடோராவில் என்எஸ்எஸ்-டூல்ஸ் தொகுப்பிலும் கிடைக்கும். பயனரின் அமைப்புகளை வைத்திருக்கும் ஒவ்வொரு ஃபயர்ஃபாக்ஸ் புரொஃபைல் கோப்புறையிலும் செர்ட்9 என்ற தரவுத்தளக் கோப்பு இருக்கும், கிடங்கு அதுதான். அந்தக் கோப்பு எங்கெங்கே இருக்கிறது என்று ஒரு ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் சிறு நிரல்) தேடிப் பிடித்து, ஒவ்வொரு இடத்திலும் கட்டளையை ஓட்டட்டும். உபுண்டுவில் ஸ்னாப் என்ற தொகுப்பு முறை வழியாக நிறுவிய ஃபயர்ஃபாக்ஸின் புரொஃபைல், ஹோம் கோப்புறையின் ஸ்னாப் கோப்புறைக்குள் இருக்கும். வழக்கமான இடத்தில் மட்டும் தேடுகிற ஸ்கிரிப்ட் அதைத் தவறவிடும்.

எழுதும்போது ஃபயர்ஃபாக்ஸ் மூடியிருக்கட்டும். கட்டளையில் கிடங்கின் பாதைக்கு முன்னால் 'எஸ்க்யூஎல்:' (sql:) என்று சேருங்கள். இல்லாவிட்டால் கருவியின் பழைய பதிப்புகள் பழைய வடிவில் செர்ட்8 கோப்பை உருவாக்கும், பிழை எதுவும் காட்டாது. இன்றைய ஃபயர்ஃபாக்ஸ் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

பலர் சறுக்குவது, சான்றிதழை எதற்கெல்லாம் நம்பலாம் என்று கட்டளையில் சொல்லும் நம்பிக்கைக் குறியில். அதில் காற்புள்ளியால் பிரித்த மூன்று இடங்கள் உண்டு: முதலாவது இணையதளம், இரண்டாவது மின்னஞ்சல், மூன்றாவது மென்பொருள் கையொப்பம். உங்களுக்கு 'சி,,' (ஆங்கிலப் பெரிய எழுத்து C) போதும். மூன்றிலும் 'சி' போட்டால் தேவையில்லாத அதிகாரத்தையும் கொடுத்தவராவீர்கள். மூன்றும் காலியாக இருந்தால் சான்றிதழ் பட்டியலில் தெரியும், ஆனால் 'வழங்கியவர் தெரியவில்லை' என்ற பிழை மட்டும் தீராது. லினக்ஸ் குரோமும் இதே வடிவக் கிடங்கைப் படிக்கும். அதன் இடம் ஹோம் கோப்புறையின் மறைந்த பிகேஐ கோப்புறை.

ரூட்டின் தனிச்சாவியை, அதாவது அதன் பெயரில் புதுச் சான்றிதழ்களில் கையொப்பமிடும் ரகசியச் சாவியை, மட்டும் எந்தக் கணினிக்கும் அனுப்பாதீர்கள். அது கசிந்தால் அந்த ரூட்டை நம்பும் கணினிகள் எல்லாமே திறந்த வீடுதான்.

கேள்வி: விண்டோஸில் அதே கட்டளை வேறு ஏதோ சொல்கிறதே?

பதில்: பெயர் ஒன்று, கருவி வேறு. விண்டோஸோடு வரும் சர்ட்யூட்டில் விண்டோஸின் சொந்தக் கிடங்குக்கானது. அதில் சேர்த்தாலே போதும். ஃபயர்ஃபாக்ஸ் 120 முதல் அங்கே சேர்த்த ரூட்டுகளை உலாவி தானே எடுத்துக்கொள்கிறது.

கேள்வி: சான்றிதழைப் புதுப்பித்த பிறகு 'அதே வழங்குநர், அதே வரிசை எண்' என்று ஃபயர்ஃபாக்ஸ் மறுக்கிறது. சான்றிதழ் காலாவதியாகவில்லை.

பதில்: உங்கள் ஸ்கிரிப்ட் ஒவ்வொரு முறையும் வரிசை எண் 1 என்றே போடுகிறது என்று தெரிகிறது. எண்ணைத் தற்போக்காக உருவாக்குங்கள், பழைய சான்றிதழைக் கிடங்கிலிருந்து நீக்குங்கள். டொமைன் பெயர் சான்றிதழின் மாற்றுப்பெயர்ப் புலத்தில் (SAN) இருக்கிறதா என்றும் பாருங்கள். குரோம் 58 முதல் பொதுப்பெயர்ப் புலத்தை (CN) கணக்கில் எடுப்பதே இல்லை.