பௌதிகம் படிப்பவருக்கு டொபோலொஜி எதற்கு?

வந்தாறுமூலையில் பௌதிகவியல் படிக்கும் தங்கச்சி ஒருவர் கேட்டிருக்கிறார்: "விருப்பப் பாடமாக டொபோலொஜி எடுக்கலாமா? கோப்பையை வளையமாக்கும் கணக்கால் பௌதிகத்துக்கு என்ன பிரயோசனம்?"

தாராளமாக எடுங்கள் தங்கச்சி. டொபோலொஜி என்பது ஒரு வடிவத்தை வெட்டாமல், ஒட்டாமல் நீட்டி வளைத்தாலும் மாறாத பண்புகளைப் படிக்கும் கணிதம்; கைபிடிக் கோப்பையை ஒற்றைத் துளை வளையமாக்கலாம் என்பது அதன் வழக்கமான உதாரணம். ஆனால் கோப்பைக் கதையை இப்போதைக்கு விடுங்கள், உங்களுக்கு வேண்டியது சுற்று எண். தென்னையைச் சுற்றி இரு நுனியையும் முடிந்த கயிறு எத்தனை சுற்று என்றால் ஒன்று, இரண்டு என்றுதான் பதில் வரும், கயிறு தளர்ந்தாலும் நெளிந்தாலும் ஒன்றேகால் ஆகாது. இயற்கையிலும் சில அளவுகள் இப்படி அசையாமல் நிற்கின்றன.

1980இல் ஜெர்மன் பௌதிகவியலாளர் கிளாவுஸ் வொன் கிளிட்சிங் மெல்லிய இலத்திரன் படையொன்றைக் கடுங்குளிரில், வலுவான காந்தப்புலத்தில் வைத்து அளந்தபோது, ஹோல் தடை (மின்னோட்டத்துக்குக் குறுக்கே எழும் அழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தது) 25,812.8 ஓமை நிறைவெண்களால் வகுத்த பெறுமானங்களில் படிபடியாக நின்றது. பொருளில் மாசு இருந்தும் படி குலையவில்லை! அந்த நிறைவெண் இலத்திரன் அலைச்சார்புகளின் டொபோலொஜியிலிருந்து வருகிறது என்று 1982இல் பௌதிகவியலாளர் டேவிட் தௌலெஸும் கூட்டாளிகளும் காட்டினார்கள். 2016 நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர்.

சரி, எங்கே தொடங்குவது? பொலிஅசற்றிலீன் என்ற காபன் சங்கிலிக்கு சு, ஷ்ரீஃபர், ஹீகர் மூவரும் 1979இல் தந்த மாதிரியில். 2×2 தாயமும் சிக்கலெண்ணும் போதும். மாறி மாறி வரும் பிணைப்புகளின் வலுவை அ, ஆ என்று வைத்து, சிக்கலெண் தளத்தில் அ-வை மையமாகவும் ஆ-வை ஆரையாகவும் கொண்டு வட்டம் கீறுங்கள். ஆ பெரிதென்றால் வட்டம் உற்பத்திப் புள்ளியைச் சூழும், சுற்று எண் 1. சிறிதென்றால் 0. அப்புறம் நுனிப் பிணைப்பு அ-வாக இருக்கும் நீளமான சங்கிலியை லப்டொப்பில் போட்டுச் சக்திகளைக் கணியுங்கள். சுற்று எண் 1 என்றால் பூச்சியச் சக்திக்குக் கிட்ட இரண்டு நிலைகள் வரும், இரண்டும் சங்கிலியின் நுனிகளில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். பிணைப்புகளைக் கொஞ்சம் தாறுமாறாக்கினாலும் அவை போகாது. இதை உங்கள் கையால் செய்து பார்க்காமல் தடித்த புத்தகங்களுக்குள் போக வேண்டாம்.

இறுதி வருட ஆய்வுக்கு எனக்குப் பிடித்தது கடல். மத்தியகோட்டை ஒட்டியே ஓடும் பெரிய கடலலையான கெல்வின் அலை கிழக்கு நோக்கி மட்டுமே போகும், மேற்கே திரும்பாது. பூமி சுழல்வதால் அசையும் நீரைப் பக்கவாட்டில் விலக்கும் கொரியோலிஸ் விளைவின் குறி மத்தியகோட்டில் மாறுவதால் வரும் டொபோலொஜி விளைவு இது என்று டெல்பிளாஸ், மார்ஸ்டன், வெனாய் மூவரும் 2017இல் காட்டினார்கள். இந்து சமுத்திரத்தில் அந்த அலை சுமாத்திராவை அடைந்ததும் ஒரு பகுதி வங்காள விரிகுடாக் கரையோரமாகத் திரும்புகிறது, அதாவது நம் மட்டக்களப்புக் கல்லடிக்கு முன்னால் கிடக்கும் கடல். கணக்குக்கு ஆழமற்ற நீர்ச் சமன்பாடுகளும் ஒரு 3×3 தாயமும்தான் வேண்டும். சங்கிலியை முடித்த கையோடு அதைத் தொடங்கலாம்.