பதிவு வெறும் காகிதமா?

வணக்கம். என் தங்கை சில மாதங்களாகக் கடுமையான பதற்றத்தால் அவதிப்படுகிறாள். உளவியலாளரைத் தேடியதில் இருவர் கிடைத்தார்கள். ஒருவர் முறைப்படி பதிவு பெற்றவர், பேச்சில் விறைப்பு. மற்றவர் ‘மனநல ஆலோசகர்’ என்று போட்டுக்கொள்கிறார். பதிவு இல்லை, ஆனால் கனிவாகப் பேசுகிறார். பலரும் அவரையே சொல்கிறார்கள். பதிவு வெறும் காகிதம்தானே?

தேவிகா

அன்புள்ள தேவிகா,

பதிவு பெற்றவர் எல்லோரும் கைதேர்ந்தவர்கள் என்று சொல்ல மாட்டேன். பதிவு உறுதிசெய்வது குறைந்தபட்சத் தகுதியை மட்டுமே: உரிய பட்டம், மூத்தவரின் மேற்பார்வையில் பெற்ற பயிற்சி, தவறு நேர்ந்தால் ஓர் அமைப்பின் முன் பதில் சொல்ல வேண்டிய கடமை. இவற்றில் கடைசியாகச் சொன்னதே எனக்கு முதன்மையாகப் படுகிறது.

இந்தச் சிகிச்சை மூடிய அறைக்குள் சாட்சி இல்லாமல் நடப்பது. அதோடு, சரியாக நடக்கும்போதுகூடச் சில காலம் மனம் கூடுதலாகக் கலங்கலாம் என்பதால், தனக்கு நேர்வது குணமாகும் வழியில் வரும் வலியா, இழைக்கப்படும் கெடுதலா என்று உள்ளே அமர்ந்திருப்பவரால் எளிதில் பிரித்தறிய முடிவதில்லை. சிகிச்சையாளர் தனிப்பட்ட நட்புக்கு அழைக்கிறார், கடன் கேட்கிறார், அறைக்குள் சொன்னதை உறவினர்களிடம் சொல்லிவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதிவு பெற்றவர் என்றால் புகாரை விசாரிக்கவும், நிபந்தனை விதிக்கவும், பெயரையே நீக்கவும் அதிகாரம் உள்ள அமைப்பு இருக்கிறது. நீங்கள் மெச்சும் கனிவு நல்ல குணம்தான். ஆனால் எல்லை மீறல்கள் பலவும் கனிவின் வழியாகவே நுழைகின்றன என்பதால், அதை மட்டும் சான்றாகக் கொள்ள எனக்குத் துணிவில்லை.

பெயர்ப்பலகையும் நாட்டுக்கு நாடு வேறு பொருள் தரும். ஆஸ்திரேலியாவில் பதிவு இல்லாதவர் ‘உளவியலாளர்’ என்று தம்மை அழைத்துக்கொள்வது குற்றம். பிரிட்டனில் ‘மருத்துவ உளவியலாளர்’ போன்ற சில பட்டப்பெயர்களுக்கு மட்டுமே சட்டப் பாதுகாப்பு உண்டு. வெறும் ‘உளவியலாளர்’, ‘ஆலோசகர்’ ஆகியவற்றுக்கு இல்லை. இந்தியாவில் மருத்துவ உளவியலாளர்கள் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவேட்டில் இடம்பெற வேண்டும்.

ஆகவே சுவரில் மாட்டிய சான்றிதழை நம்பாமல், பதிவேட்டில் நீங்களே பெயரைத் தேடிப் பாருங்கள்; பதிவு நடப்பில் உள்ளதா, எந்தப் பிரிவில் உள்ளது, நிபந்தனை ஏதும் உண்டா என்றும் கவனியுங்கள். தொழில்முறைச் சங்கத்தின் உறுப்பினர் அட்டையைப் பதிவாக எண்ணிவிடாதீர்கள். சங்கம் ஒருவரை விலக்கினாலும், சட்டத் தடை இல்லாத இடத்தில் அவர் மறுநாளே வழக்கம்போல் ஆட்களைப் பார்க்கலாம்.

முதல் சந்திப்பின் விறைப்பை வைத்து ஒருவரைத் தள்ளிவிட வேண்டாம். பதற்றத்துக்கு எந்த முறையில் சிகிச்சை தருவார், முன்னேற்றத்தை எப்போது மதிப்பிடுவார் என்று உங்கள் தங்கையே கேட்கட்டும். ஒத்துவரவில்லை என்றால் பதிவு பெற்ற இன்னொருவரை நாடலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருப்பதாக உங்கள் தங்கை சொன்னால் இந்தத் தேர்வுக்கெல்லாம் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.