யாரோடு உட்கார்ந்தால் என்ன?

அன்புள்ள ஐயா,

உங்கள் தளத்தைத் தொடர்ந்து வாசிக்கிறேன். கோவையிலிருந்து கலிஃபோர்னியாவின் சான் ஹோசே வந்து ஒரு வருடம் ஆகிறது. மகன் மூன்றாம் வகுப்பு. பள்ளியில் சேர்க்கும்போது கொடுத்த படிவத்தில் வீட்டு மொழி தமிழ் என்று எழுதினோம். உடனே ஒரு டெஸ்ட் வைத்து ‘இங்கிலீஷ் லேர்னர்’ என்று போட்டுவிட்டார்கள். தினமும் கொஞ்ச நேரம் தனியாக ஈ.எல்.டி. என்ற ஆங்கிலப் பயிற்சி வகுப்பு. எல்.கே.ஜி.யிலிருந்தே இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவன், சரளமாகப் பேசுகிறான். அந்த வகுப்பில் அவனோடு உட்காருவது எல்லாம் மெக்சிகோ பிள்ளைகள். அவர்களோடு சேர்ந்து இவன் படிப்பு என்ன ஆகும் என்று தூக்கமே வரவில்லை. படிவத்தில் ஆங்கிலம் என்று எழுதியிருக்க வேண்டும் என்கிறார்கள் நண்பர்கள். இவனை எப்படி அதிலிருந்து வெளியே எடுப்பது? இனி வீட்டில் தமிழைக் குறைத்துக்கொள்ளலாமா? பெயர் வேண்டாம், ப்ளீஸ்.

அன்புள்ள அம்மா,

பெயரை எடுத்துவிட்டேன். தமிழைக் குறைக்காதீர்கள், அதைப் பற்றி முன்பே நிறைய எழுதிவிட்டேன். படிவத்தில் உண்மையை எழுதினீர்கள், நல்லது. அந்த வகுப்பு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அவன் பெயர் இங்கிலீஷ் லேர்னர் பட்டியலில் அப்படியே இருக்கும், வருடா வருடம் தேர்வும் இருக்கும். சரளமாகப் பேசுகிறான் என்கிறீர்கள். விளையாடும் இடத்தில் பேசும் ஆங்கிலம் இரண்டு வருடத்தில் வந்துவிடும், பாடத்தைப் படித்து எழுதும் ஆங்கிலத்துக்கு ஐந்து முதல் ஏழு வருடம் பிடிக்கும் என்று மொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் நாற்பது வருடங்களுக்கு முன்பே விளக்கிவிட்டார். அவசரப்படாதீர்கள், பிள்ளை நன்றாக வருவான்.

ஆனால் ‘மெக்சிகோ பிள்ளைகள்’ என்று எழுதினீர்களே, அந்த வரியை என்னால் தாண்டிப் போக முடியவில்லை. சில மாதங்களாக நான் படித்துக்கொண்டிருப்பதே அந்தப் பிள்ளைகளின் கதையைத்தான்.

உங்கள் ஊரிலிருந்து தெற்கே காரில் ஒரே பகலில் போய்விடலாம், ஆரஞ்ச் கவுண்டியில் வெஸ்ட்மின்ஸ்டர் என்று ஒரு ஊர். 1940களில் கொன்சாலோ மெண்டஸ் என்பவர் அங்கே குத்தகைக்கு நிலம் எடுத்து விவசாயம் செய்தார். அந்த நிலம் ஒரு ஜப்பானியக் குடும்பத்துடையது. ஜப்பானோடு போர் நடந்த காலத்தில் அமெரிக்க அரசு அவர்களை முகாமில் அடைத்திருந்தது. மெண்டஸின் பிள்ளைகளையும் தன் பிள்ளைகளையும் அத்தைக்காரி ஒன்றாகக் கூட்டிக்கொண்டு பள்ளியில் சேர்க்கப் போனார். அத்தையின் பிள்ளைகள் கொஞ்சம் வெளுப்பு, அவர்களின் குடும்பப் பெயரும் பிரெஞ்சுப் பெயர்போல இருக்கும். அவர்களுக்கு இடம் கிடைத்தது. கறுத்த மெண்டஸ் பிள்ளைகளை மெக்சிகோக்காரர் பள்ளிக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். ஒரே வீட்டுப் பிள்ளைகள், அம்மா! அத்தை ஒருவரையும் சேர்க்காமல் எல்லோரையும் திரும்ப வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார்.

மெண்டஸ் இன்னும் நான்கு தகப்பன்மாரோடு சேர்ந்து 1945இல் வழக்குப் போட்டார். பள்ளி நிர்வாகங்கள் என்ன காரணம் சொன்னன தெரியுமா? இந்தப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வராது, அதனால்தான் தனியே வைத்திருக்கிறோம் என்றன. ஒரு பதின்வயது மாணவி சாட்சிக் கூண்டில் ஏறி ஆங்கிலத்திலேயே பதில் சொன்னாள். நீதிபதி பால் மெக்கார்மிக் 1946இல் மெண்டஸ் பக்கம் தீர்ப்பு எழுதினார். தனியே பிரித்து வைப்பதால்தான் பிள்ளைகள் ஆங்கிலம் கற்பது தடைப்படுகிறது என்பதையும் அதில் சொன்னார். மறு வருடம் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே வருடம் கலிஃபோர்னியா, பள்ளிகளில் பிரித்து வைக்க இடம் கொடுத்த சட்டப் பிரிவுகளை ரத்து செய்தது. கையெழுத்துப் போட்ட ஆளுநர் ஏர்ல் வாரன்தான் பிறகு உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியாகி, 1954இல் நாடு முழுக்கப் பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று தீர்ப்பு எழுதியவர்.

மாநிறத்துப் பையனை அழைத்துக்கொண்டு நீங்கள் சான் ஹோசே பள்ளி அலுவலகத்தில் போய் நின்றபோது, எந்தப் பள்ளி என்று உங்கள் நிறத்தைப் பார்த்து யாரும் முடிவு செய்யவில்லை. அதற்கு முன்னால் ஒரு மெக்சிகோக்காரர் நீதிமன்றப் படியேறியிருக்கிறார். அவருடைய இனத்துப் பிள்ளைகளோடு உட்காருவதற்கா உங்களுக்குத் தூக்கம் போகிறது?

அந்த ஈ.எல்.டி. வகுப்பும் சும்மா வந்ததல்ல. சான் பிரான்சிஸ்கோவில் 1971 வாக்கில் ஆங்கிலம் தெரியாத சீனப் பிள்ளைகள் 2,800 பேருக்கு மேல் இருந்தார்கள். சுமார் ஆயிரம் பேருக்குத்தான் ஆங்கிலத்தில் தனிப் பயிற்சி கிடைத்தது. மற்ற 1,800 பேரும் புரியாத பாடத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தார்கள். எல்லாருக்கும் ஒரே புத்தகம், ஒரே ஆசிரியர் கொடுத்திருக்கிறோமே, இதில் பாரபட்சம் எங்கே என்று கேட்டது பள்ளி நிர்வாகம். கின்னி லௌ என்ற சிறுவனின் பெயரில் நடந்த வழக்கில் 1974இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது: மொழி புரியாத பிள்ளைக்கு அதே புத்தகத்தையும் அதே ஆசிரியரையும் கொடுத்தால் அது சமத்துவம் ஆகாது. உங்கள் மகனுக்கு அன்றாடம் கிடைக்கும் அந்தக் கொஞ்ச நேரம் அங்கிருந்து வந்தது.

நான் கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில் இருந்த காலத்தில் ஒரு பள்ளிக்குத் தன்னார்வலராகப் போய்வந்தேன். அங்கே ஒரு சிறுமி. குவாத்தமாலாவிலிருந்து வந்தவள். பதிவேட்டில் வீட்டு மொழி ஸ்பானிஷ் என்று இருந்தது. உதவி ஆசிரியை ஸ்பானிஷில் ஏதாவது சொன்னால் தலையாட்டுவாள். கரும்பலகையில் இருப்பதை அச்சு அசலாக எழுதுவாள், முத்து முத்தான எழுத்து. நன்றாகப் படிக்கிற பிள்ளை என்றே எல்லோரும் நினைத்திருந்தோம். ஒருநாள் அவள் நோட்டை வாங்கிப் புரட்டினேன். கணக்குக்குக் கீழே, துப்புரவுப் பணியாளருக்காக ஆசிரியர் பலகை மூலையில் எழுதி வைத்திருந்த ‘அழிக்க வேண்டாம்’ என்பதையும் எழுதியிருந்தாள். சுற்றிப் போட்ட கட்டத்தோடு. பக்கத்துக்குப் பக்கம் அது இருந்தது. விசாரித்ததில், அவள் வீட்டில் பேசுவது மாம் என்ற மாயன் மொழி. ஸ்பானிஷும் அவளுக்கு அரைகுறைதான். ஓக்லாந்தில் மாம் பேசும் குடும்பங்கள் ஏராளம், ஆனால் படிவத்தை நிரப்பியவருக்கு அது தோன்றவில்லை.

நீங்கள் படிவத்தில் தமிழ் என்று எழுதினீர்கள், பள்ளி உங்கள் மகனைச் சரியாகப் பார்த்தது. அந்தப் பிள்ளைக்கு அது கிடைக்க அவ்வளவு நாள் ஆயிற்று. நீங்கள் ‘மெக்சிகோ பிள்ளைகள்’ என்று மொத்தமாகச் சொல்கிற கூட்டத்தில் அப்படி எத்தனை பேரோ, எத்தனை நாட்டவரோ. என்றைக்காவது உங்கள் மகனிடம் பக்கத்தில் உட்காருகிறவன் பெயரைக் கேட்டிருக்கிறீர்களா?

கோபமாக எழுதுகிறேன், தெரிகிறது. காரணம் இருக்கிறது. யாரோடு யார் உட்காரலாம் என்ற கணக்கை நாம் கடல் தாண்டியும் தூக்கிக்கொண்டு வருகிறோம். என் சிறுவயதில் எங்கள் ஊர்ப் பள்ளியில் ஒரு பக்கம் பெஞ்சு, ஒரு பக்கம் தரை. தரையில் யார் உட்கார்ந்தார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ‘அவனுங்களோட சேர்ந்தா படிப்பு கெட்டுடும்’ என்று பெஞ்சுப் பிள்ளைகளின் வீடுகளில் பேசிக்கொண்டதும் உங்கள் கடிதத்தில் இருப்பதும் ஒரே வாக்கியம். நீங்கள் கெட்டவர் இல்லை, எனக்குத் தெரியும். புது ஊர், குளிர், அக்கம்பக்கத்தில் உறவு கிடையாது, பிள்ளைதான் உலகம். பயம் வரத்தான் செய்யும். ஆனால் அந்தப் பயத்தைப் பிள்ளையின் காதில் போட்டுவிடாதீர்கள். எட்டு வயதில் கேட்டது போகாது.

அப்புறம், வெளியே எடுப்பது எப்படி என்று கேட்டீர்கள். ஆண்டுத் தேர்வில் மதிப்பெண், ஆசிரியரின் மதிப்பீடு, பெற்றோரோடு கலந்து பேசுவது, அடிப்படைத் திறன் என்று நான்கையும் பார்த்து அவர்களே பட்டியலிலிருந்து எடுப்பார்கள். அதற்கு முன் ஒன்று செய்யுங்கள். இருபத்தொரு ஆங்கிலம் கற்கும் மாணவர்களாவது இருக்கும் கலிஃபோர்னியாப் பள்ளிகளில் அவர்களின் பெற்றோருக்கென ஒரு ஆலோசனைக் குழு இருக்க வேண்டும் என்பது விதி, ஈலாக் என்பார்கள். நான் போய்ப் பார்த்த கூட்டங்களில் வேலை முடிந்து அழுக்குச் சட்டையோடு நேராக வந்த தகப்பன்மார் இருந்தார்கள். நம் ஆட்கள் ஒருவரும் இல்லை. அடுத்த கூட்டம் என்றைக்கு என்று அலுவலகத்தில் கேளுங்கள். உங்கள் கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். போய் வந்தபின் எனக்கு எழுதுங்கள்.